மண், ஐஸ்கட்டி, நூல் தின்பது: கேள்வி பதில்

கே: நாலு மாதமாக ஐஸ்கட்டியைக் கடித்துத் தின்றுகொண்டே இருக்கிறேன். பெண், வயது 31. ஹீமோகுளோபின் 12.4, நார்மலாம். வெறும் பழக்கமா?

ப: இரும்புக் குறைபாடாகவும் இருக்கலாம். ஃபெரிட்டின் (உடலில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லுங்கள். சேமிப்பில் உள்ள இரும்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடுதான். காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது பார்த்தால் அந்த எண் ஏறிக் காட்டி ஏமாற்றும். இரும்பு மாத்திரை தந்தால், அதற்கு முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம். ஐஸ் ஆசை சில நாட்களிலேயே அடங்கக்கூடும். பலர் அங்கேயே மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். சேமிப்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். இரும்பு எங்கே போகிறது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்: அதிக மாதவிடாய், குடலில் ரத்தக் கசிவு.

கே: 14 மாதக் குழந்தை கண்டதையெல்லாம் வாயில் வைக்கிறது.

ப: அந்த வயதின் இயல்பு. பட்டன் பேட்டரியை மட்டும் கண்ணில்கூடக் காட்டாதீர்கள். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் வெந்து புண்ணாகிவிடும்.

கே: மண்ணில் தாது இருக்கிறது. உடல் கேட்பதை ஏன் தடுக்க வேண்டும்?

ப: ஐஸ்கட்டியில் இரும்பு துளியும் இல்லை; ஆனாலும் இரும்பு குறைந்தவர்கள் அதற்குத்தான் ஏங்குகிறார்கள். களிமண்ணோ சாப்பாட்டில் உள்ள இரும்பையும் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கே: கர்ப்பிணிகள் காலங்காலமாகத் தின்கிறார்களே?

ப: தின்கிறார்கள். அவர்களுக்கும் இரும்புதான் அடிக்கடி குறைகிறது. மண்ணோடு புழு முட்டையும், சில இடங்களில் ஈயமும் உள்ளே போகிறது. திட்டாதீர்கள், ஒளித்துத் தின்பார்கள். ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

கே: ஆறு வயதுப் பையன் சுவர் பெயின்ட்டைச் சுரண்டித் தின்கிறான். இரும்பு சிரப் வாங்கித் தரலாமா?

ப: பரிசோதிக்காமல் வேண்டாம். பழைய பெயின்ட் என்றால் அதில் ஈயம் இருக்கலாம்; ரத்தத்தில் ஈய அளவை இந்த வாரமே பாருங்கள்.

கே: ஏழு வயது நாய் திடீரென்று சிமென்ட் தரையை நக்குகிறது.

ப: வளர்ந்த நாய்க்குப் புதிதாக வந்தால் உடம்பில்தான் காரணம் தேட வேண்டும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிறியிருந்தால் ரத்தசோகை, உண்ணி, குடற்புழு எல்லாம் பார்க்க வேண்டும். இன்றே மருத்துவரிடம் போங்கள்.

கே: நாய் புல் தின்கிறது.

ப: இயல்பு. மருந்தடித்த புல்லாக இருக்கக் கூடாது.

கே: பூனையின் ஆசனவாயில் நூல் தொங்குகிறது, இழுக்கலாமா?

ப: இழுக்கவே கூடாது. மறுமுனை நாக்கடியில் சுற்றியிருக்கலாம். இழுத்தால் சுருக்குப்பை போலக் குடல் மடிந்து, நூல் அதன் சுவரை அறுத்துவிடும். அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கே: நாய் ரிப்பனை விழுங்கிவிட்டது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா?

ப: வேண்டாம், உப்பே நஞ்சாகிவிடும். ரிப்பனுக்கும் நூலுக்குச் சொன்னதுதான். இழுக்காதீர்கள்.