றோட்டில் நின்று வயல் பார்க்கிறவர்கள்

(கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் நெடுங்காலம் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. ஊரில் இன்னமும் அவர் ‘மிஸ்’தான். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘நான் சொன்னால் சரிதான்’ என்கிற ஆட்களைப் பற்றியவை.)

மிஸ், அப்பா நாற்பது வருசமாக வயல் செய்கிறவர். ஏக்கருக்கு நாலு புசல் நெல் விதைப்பார். பயிர் கறுத்து நிற்கவேணும் என்று யூரியாவை அள்ளி எறிவார். போன காலபோகத்தில் (மாரிப் போகத்தில்) கபிலநிறத் தத்திப் பூச்சி வந்து ஒரு பக்கம் எரிந்துபோனது. நான் விவசாய டிப்ளோமா படித்தவன். வாய் திறந்தால், “நீ புத்தகத்திலை படிச்சனீ, நான் சேத்திலை படிச்சனான்” என்கிறார். அவருடைய ஆணவத்தைக் குறைக்க ஒரு வழி சொல்லுங்கோ.
– முரசுமோட்டை வாசகர்

தம்பி, உங்கள் கடிதத்தின் முழு வடிவமும் என்னிடம் இருக்கிறது. அப்பாவின் பிடிவாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். தத்தியை முதன்முதலில் எந்தக் கிழமை, வயலின் எந்த மூலையில் கண்டீர்கள் என்று ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

தத்தி இலை நுனியில் வந்து உட்கார்ந்து கையசைக்காது. தூரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாறு உறிஞ்சும். றோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்க்கிறவருக்குப் பயிர் நல்ல பச்சையாகத்தான் தெரியும். வட்டம் வட்டமாகக் காய்ந்த பிறகுதான் றோட்டுக்கு விசயம் வரும், அப்போது அந்த வட்டத்துக்குள் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சியிராது. நாற்பது வருச அனுபவத்தை நம்பி அப்பா வரப்பிலேயே திரும்பிவிட்டார். நீங்கள் டிப்ளோமாவை நம்பி வீட்டிலிருந்தே பிழை சொன்னீர்கள். இரண்டு பேரும் குனியவில்லை.

அப்பா ஏன் நாலு புசல் போடுகிறார் என்று எப்போதாவது கேட்டீர்களா? பிழை என்று சொல்வதற்காக இல்லை, தெரிந்துகொள்வதற்காக. விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டு புசல். அதைத் துண்டுப்பிரசுரத்தில் போட்டு ஊர் ஊராகக் கொடுத்தவள் நான். வாங்கிப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்த கமக்காரரிடம் “ஏன் ஐயா, கூடப் போடுறியள்?” என்று கேட்டால் நல்ல நல்ல பதில்கள் வரும். புழுதியில் விதைத்து மழை பிந்தினால் ஒரு பங்கு கருகும். குருவியும் புறாவும் தங்கள் பங்கை எடுக்கும். அடர்த்தியாக முளைத்தால் கோரையும் புல்லும் தலை தூக்காது, களைக்கு ஆள் பிடிக்கிற காசு மிச்சம். அப்பா போட்ட கணக்கு களைக்கான கணக்கு, அந்த அளவில் அது சரியும்கூட. ஆனால் தத்தி அந்தக் கணக்கில் இல்லை. நெருக்கமான பயிருக்குள் காற்றும் வெயிலும் தூர்வரை போகாது. அதற்கு மேல் யூரியாவும் கூடினால் தண்டு மெதுமெதுவென்று ஆகிவிடும். தத்திக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. “நீங்கள் பிழை” என்று தொடங்கினால் இதை அவரிடம் சொல்லவே முடியாது. “களைக்கு இது சரி, தத்திக்கு என்ன செய்வம் அப்பா?” என்று தொடங்கிப் பாருங்கள்.

படித்த தம்பிமாரின் பிடிவாதம் வேறு மாதிரி. நாலு தத்தியைக் கண்டவுடன் கடைக்கு ஓடுவார்கள். கடைக்காரர் எடுத்துத் தருகிற போத்தல் தத்தியையும் கொல்லும், தத்தியைத் தின்கிற சிலந்தியையும் கொல்லும். தத்தியின் முட்டை மட்டும் இலைமடலின் தசைக்குள் பத்திரமாக இருக்கும். அது பொரிக்கும்போது வயலில் எதிரியே இருக்காது. மருந்து அடித்த பிறகு தத்தி கூடியது என்று ஆட்கள் சொன்னால் நம்புங்கள், அது நடக்கிறதுதான்.

இந்தோனேசியாவில் இது பெரிய அளவில் நடந்தது. நெல்லுக்கு அடிக்கிற 57 வகைப் பூச்சிமருந்துகளை அந்த அரசு 1986இல் தடைசெய்தது. பிறகு 1989 தொடக்கம் ‘வயல் பள்ளிக்கூடம்’ என்று ஒன்றை நடத்தினார்கள். கமக்காரர் கிழமைக்கு ஒருமுறை கூடி வயலுக்குள் இறங்குவார்கள். தூரைப் பிரித்துப் பார்ப்பார்கள். கண்டதைப் பெரிய தாளில் படமாகக் கீறுவார்கள்: பயிர் இவ்வளவு உயரம், தத்தி இத்தனை, சிலந்தி இத்தனை, தண்ணீர் இவ்வளவு. படம் கீறி முடித்த பிறகுதான் என்ன செய்யலாம் என்ற பேச்சு. பூச்சி ஒன்றைக் காட்டி “இது என்ன?” என்று கேட்டால் பயிற்றுநர் பெயரைச் சொல்லமாட்டார். “எங்கை கண்டனீங்கள்? என்ன செய்துகொண்டு இருந்தது?” என்று திருப்பிக் கேட்பார். தெரிந்ததை உடனே கொட்டாமல் நாக்கை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று என் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

இதை நீங்களும் அப்பாவும் உங்கள் வயலிலேயே செய்யலாம். கிழமைக்கு ஒரு காலை, தேத்தண்ணி குடித்த கையோடு இரண்டு பேரும் இறங்குங்கள். வரப்போரம் மட்டும் பார்க்காமல் வயலின் நடுவிலும் பத்து இடம் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வொரு இடத்திலும் தூரைக் கையால் தட்டுங்கள், தண்ணீரில் விழுகிறதை எண்ணுங்கள், சிலந்தியையும் சேர்த்து. கலண்டரின் பின்பக்கத்தில் எழுதுங்கள். பத்தும் முடியும்வரை இரண்டு பேருக்கும் கருத்துச் சொல்ல அனுமதி இல்லை. முதலில் பேசுகிறவர் அப்பாவாக இருக்கட்டும். அடுத்த போகத்துக்கு அரை ஏக்கரை மட்டும் கேட்டு வாங்கி இரண்டு புசல் கணக்கில் விதையுங்கள், களை கூடினால் அதையும் எழுதுங்கள். விளைச்சல் நன்றாக வந்தால் “நான் அப்பவே சொன்னனான்” என்று மட்டும் சொல்லிவிடாதேங்கோ. அந்த அரை ஏக்கர் அதோடு முடிந்துவிடும்.

சேதனப் பசளையா, இரசாயன உரமா? எங்கள் சங்கத்தில் இதனாலேயே இரண்டு கட்சி.
– அக்கராயன் வாசகர்

2021 மே மாதத்தில் ஒரே அறிவிப்பில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் திரும்ப விட்டார்கள். நடுவில் அகப்பட்ட காலபோகத்தின் விளைச்சல் எப்படி விழுந்தது என்று உங்கள் இரண்டு கட்சிக்கும் தெரியும். அதற்காக மண்ணுக்குச் சாணியும் தழையும் வேண்டாம் என்று ஆகிவிடாது. முதலில் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும்வரை கட்சியைக் கலைத்து வையுங்கள்.

பட்டம் முடித்து உத்தியோகம் கிடைத்து ஆறு மாதம். ‘அந்தப் பிள்ளைக்குத் தலைக்கனம்’ என்று கதை வருகிறது. யார் பிழையாகச் சொன்னாலும் அங்கேயே திருத்திவிடுவேன். இது ஆணவமா?
– மல்லாவி வாசகி

பிள்ளை, கேள்வி வந்திருக்கிறதே, அதுவே நல்ல விசயம். திருத்துவது உங்கள் வேலை. எங்கே, யாருக்கு முன்னால் திருத்துகிறீர்கள் என்பதில்தான் கதை பிறக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு ஐயாவைத் திருத்தினால், சொன்ன விசயம் மறந்துபோகும், பட்ட வெட்கம் நிற்கும். வாசல்வரை கூடப் போய், படலையடியில் நின்று சொல்லுங்கள்.

ஒரு நாளில் ஒரு தடவையாவது “எனக்குத் தெரியாது ஐயா, கேட்டுச் சொல்லுறன்” என்று சொல்லிப் பழகுங்கள். சொன்னால் போதாது, அடுத்த கிழமை போய்ப் பதிலையும் சொல்லவேணும். அந்த இரண்டாவது பயணம்தான் ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அப்புறம் கதிரை. பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் என்றால் உத்தியோகத்தருக்கு முன்னால் துணி விரித்த மேசை, தனிக் கதிரை. கமக்காரர் பாதிப் பேர் வாசலில் நிற்பார்கள். நான் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களுக்கு நடுவில் போட்டுக்கொள்வேன். மேலதிகாரிகளுக்குப் பிடிக்காது. ஆனால் முன்மேசையில் இருக்கும்போது ஒருவரும் சொல்லாத விசயமெல்லாம் பக்கத்துக் கதிரைக்கு வரும்: எந்தத் துருசு (மதகு) ஒழுகுது, எந்த விதைநெல் முளைக்கவில்லை என்று எல்லாம்.

தோட்டத்துக்கு வேலைக்கு வருகிற அறுபது வயது ஐயாவை என் மாமியார் ‘டேய்’ என்று கூப்பிடுகிறார். மலையகத்திலிருந்து வந்த குடும்பம். எனக்குக் கூசுகிறது. கேட்டால், “நாங்கள் பழைய ஆக்கள், அவை வந்த ஆக்கள்” என்கிறார்.
– பெயர் வேண்டாம், தர்மபுரம்

மகள், உங்கள் பக்கத்தில் யார் ‘பழைய ஆக்கள்’? இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி உருவான குடியேற்றங்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எத்தனை குடும்பம் என்று மாமியாரையே எண்ணச் சொல்லுங்கள். அவருடைய தகப்பன் எந்த ஊர் என்றும் மெல்லக் கேட்டுப் பாருங்கள். 1977 வன்முறைக்குப் பிறகு மலையகத்திலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்கள் இங்கே காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள், மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தண்ணீர் இறைத்தார்கள். இன்னமும் பல பேருக்கு இருக்கிற காணிக்குச் சரியான உறுதிகூட இல்லை. 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாமில் தண்ணீர் பவுசருக்கு முன்னால் எல்லாரும் ஒரே வரிசையில் வாளியோடு நின்றோம். ஏக்கர்க்காரர் யார், கூலிக்காரர் யார் என்று பவுசர் ஓட்டி கேட்கவில்லை. உங்கள் மாமியாரும் அங்கே நின்றிருப்பார்.

இதையெல்லாம் அவரிடம் பிரசங்கமாகச் சொன்னால் வீட்டில் சண்டைதான் மிச்சம். அவர் ‘டேய்’ என்ற அடுத்த நிமிசம் நீங்கள் “ஐயா, வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கூப்பிடுங்கள். வெளிக்கோடியில் தொங்குகிற தனிக் கோப்பையை எடுத்து எறிந்துவிட்டு, நீங்கள் குடிக்கிற கோப்பையில் கொடுங்கள். (அப்படி ஒரு கோப்பை இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இருக்கும், எனக்குத் தெரியும்.) பிள்ளைகள் உங்களைப் பார்த்து ‘ஐயா’ என்று தொடங்குவார்கள். பேரன் ஐயா என்கிறவரை எவ்வளவு காலத்துக்குத்தான் பாட்டி ‘டேய்’ என்பார்?

ஆணவம் குறைய எந்தக் கோயிலில் என்ன நேர்த்தி வைக்கலாம்?
– ஒட்டுசுட்டான் வாசகர்

வற்றாப்பளை வைகாசிப் பொங்கலுக்குப் போங்கள். மறுநாள் காலையில் கண்ணகி அம்மன் வீதியில் கிடக்கும் தண்ணீர்ப் போத்தலையும் பொலித்தீனையும் ஒரு சாக்கு நிறையப் பொறுக்குங்கள். அப்பர் சுவாமிகள் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர். திருப்பூந்துருத்தியில் சம்பந்தரின் சிவிகையைத் தூக்கி வந்தவர்களுக்குள் கலந்து நின்றார், ‘அப்பர் எங்கே’ என்று சம்பந்தர் கேட்கும்வரை ஒருவருக்கும் தெரியாது. நீங்கள் பொறுக்கும்போது போன் வீட்டில் இருக்கட்டும். படம் போட்டால் நேர்த்தி செல்லாது.

எல்லாவற்றுக்கும் பணிந்து போனால் ஏமாளி ஆக்கிவிடமாட்டார்களா? எங்கள் வயல் கடைசி வாய்க்காலில். மழை குறைந்த சிறுபோகத்தில் மேல்மடைக்காரர் தண்ணீரை மறித்துக்கொள்வார்கள். “பொறுமையாக இரு தங்கச்சி” என்கிறார்கள். நான் கணவர் இல்லாமல் தனியாக வயல் செய்கிறவள்.
– இராமநாதபுரம் வாசகி

தண்ணீரை மறித்தவர் பொறுமையைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அதை நீங்கள் பணிவு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பணிய வேண்டியவர் அவர். அவர் ஒருநாள் கடைசி வாய்க்கால்வரை நடந்து வந்து உங்கள் வயலின் வெடிப்பைப் பார்க்கட்டும்.

நீங்கள் செய்யவேண்டியது இது. முறைத் தண்ணீர் உங்கள் மடைக்கு எந்தத் திகதி, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்து வயல்காரரையும் எழுதச் சொல்லுங்கள். கமக்கார அமைப்பின் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று திகதி திகதியாக வாசியுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். ஒருவருடைய பெயரையும் சொல்லவேண்டாம், எந்த மடை என்று மட்டும் சொல்லுங்கள், ஆளை ஊருக்குத் தெரியும். வாசித்தது கூட்ட அறிக்கையில் ஏறியதா என்று செயலாளரிடம் அங்கேயே கேளுங்கள். ஏறாவிட்டால் அந்தக் கொப்பியின் பிரதியோடு கமநல சேவை நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகவேண்டாம், கடைசி வாய்க்காலில் இருக்கிற மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.