கிராம சபைத் தீர்மானம் போட்டும் வார லீவு இல்லையா?

கல்லல் பக்கம் வயல் வேலைக்காரர்களுக்கு வாரம் ஒருநாள் கூலியோடு லீவு என்று நீங்கள் கிராம சபையில் போட்ட தீர்மானம் நிலக்காரரைக் கட்டுப்படுத்தாது. அது கோரிக்கைதான், சட்டமில்லை.

அனேகமாக அது தீர்மான நோட்டிலேயே தூங்குகிறது. நகலைத் தொழிலாளர் துறைக்கு அனுப்புங்கள். குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த வேலைகளுக்கு ஏழு நாளில் ஒருநாள் ஓய்வும் அதற்குக் கூலியும் விதிக்க, ஊதியச் சட்டத்தொகுப்பு 2019-இன் 13-ஆம் பிரிவு அரசுக்கு ஏற்கெனவே அதிகாரம் தருகிறது, புதுச் சட்டமே வேண்டாம். அதற்கு முன் விவசாயக் கூலி அரசாணையில் ஓய்வுநாள் பற்றி ஏதும் இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள்.

எம்.பி.யிடம் தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத எம்.பி. தானே கொண்டுவரும் சட்ட முன்வரைவு) கேட்கலாம், சரி. ஆனால் மக்களவையில் அதற்கு வழக்கமாக வெள்ளிக்கிழமை இரண்டரை மணி நேரம்தான், 1970-க்குப் பிறகு அப்படி ஒன்றுகூடச் சட்டமானதில்லை. அறிமுகமாகும், பேப்பரில் போட்டோ வரும், மக்களவை கலைக்கப்பட்டால் காலாவதி.