முதலில் கட்டைவிரலைப் பழக்குங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 34. ஆறு மாதமாக பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) வைத்து கிட்டார் வாசிக்கிறேன். சி, ஜி, ஏ மைனர், ஈ மைனர் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) சரளமாக வருகின்றன. விரலால் மீட்டினால் கட்டைவிரல் வேறு கம்பிக்குப் போய்விடுகிறது, கையும் இறுகிவிடுகிறது. கம்பிகள் வேறு சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் இடக்கை தயார். சிக்கல் வலது கட்டைவிரலில்தான். பிக் பிடிக்கும்போது கை முழுக்க ஒரே வேலை. விரலால் வாசிக்கும்போது கட்டைவிரல் தாளத்தைத் தாங்க, மற்ற விரல்கள் மெட்டைப் பார்த்துக்கொள்ளும். மிருதங்கத்தில் இடப்பக்கத் தொப்பியும் வலப்பக்க வலந்தலையும் போல. எல்லா விரல்களையும் ஒரே நாளில் ஓடவிட்டால் தடுமாறத்தான் செய்யும். புதுச்சேரியில் என்னிடம் பழக வருகிறவர்களும் பெரும்பாலும் அங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஒரு வாரத்துக்கு மற்ற விரல்களை மறந்துவிடுங்கள். ஈ மைனர் பிடித்து, ஆறாவது கம்பியையும் நான்காவது கம்பியையும் கட்டைவிரலால் மாற்றி மாற்றி மீட்டுங்கள். தடித்த கம்பிதான் ஆறாவது. தாளம் தட்டித் தரும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு மீட்டு. ஜி-க்கும் இதே ஆறு, நான்கு. சி-க்கும் ஏ மைனருக்கும் ஐந்து, நான்கு. கார்டு மாறும் இடத்தில்தான் விரல் வழி தவறும். சி-யிலிருந்து ஜி-க்குப் போகும்போது ஐந்திலிருந்து ஆறுக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலை மட்டும் தனியாக எடுத்து, தினமும் ஐம்பது முறை வாசியுங்கள். யாராவது 'சாப்பிட்டாச்சா' என்று கேட்டால், பதில் சொல்லும்போதும் தாளம் நிற்கக் கூடாது. அந்த நிலை வந்தபிறகு அடுத்த விரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சி கார்டில் ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு என்று கட்டைவிரல் போய்க்கொண்டிருக்கட்டும். முதல் தட்டில் நடுவிரலும் சேர்ந்து இரண்டாவது கம்பியைக் கிள்ளட்டும். இரண்டாவது தட்டு முடிந்ததும் ஆள்காட்டி விரலால் மூன்றாவது கம்பி, மூன்றாவது தட்டு முடிந்ததும் நடுவிரலால் மறுபடி இரண்டாவது கம்பி. நான்காவது தட்டில் கட்டைவிரல் மட்டும். இந்த முறைக்கு டிராவிஸ் பிக்கிங் என்று பெயர். அந்தப் பெயருக்குரிய, அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்தே பெரும்பாலும் வாசித்தார். அதனால் மோதிர விரலுக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம்.

கை இறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒளிந்துகொள்வதுதான். அது மற்ற விரல்களைவிடச் சற்று முன்னால், கிட்டாரின் கழுத்துப் பக்கமாக நீட்டி நிற்க வேண்டும். விரல்கள் கம்பியை மேலே இழுக்காமல் உள்ளங்கையை நோக்கி மடங்கட்டும். மணிக்கட்டு வளைந்திருந்தால் நேராக்குங்கள். வலித்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

துரு நம் கரையோர ஊர்களில் இருக்கும் தொல்லைதான். உப்புக் காற்றும் கை வேர்வையும் ஸ்டீல் கம்பியை விடாது. வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பிகளை, அடிப்பக்கத்தையும் சேர்த்து, துடைத்துவிட்டு உறையில் வையுங்கள். கோட்டிங் போட்ட கம்பி விலை கூடுதல், ஆனால் இங்கே அந்தக் காசு வீண் போகாது. இப்போது சொரசொரப்பாக இருப்பவற்றை மட்டும் உடனே மாற்றிவிடுங்கள். பிக் இல்லாமல் அதில் பழகினால் விரல் நுனிதான் தேயும்.