வாசகர் கேள்வி பதில்: நான்காம் மாடியில் யாணி இரவு

கேள்வி: லாத்வியாவின் ரீகா நகரில் படிக்கும் எங்கள் மகனுடன் ஜூன் மாதம் தங்கப் போகிறோம். அங்கே கோடைக் கதிர்த்திருப்பத்தைக் கிறித்தவத்துக்கு முந்தைய வழக்கப்படி வீடுகளில் கொண்டாடுவார்களாம். அவனுடைய லாத்வியத் தோழர்களை அழைத்து, நான்காம் மாடியிலுள்ள வாடகை வீட்டில் அதை நடத்த இயலுமா?
— வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக நடத்தலாம், தேதியை மட்டும் முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வானியல்படி மிக நீண்ட பகல் பெரும்பாலும் ஜூன் 20 அல்லது 21 இல் அமைந்தாலும், லாத்வியர்கள் கொண்டாடுவது 23 இரவும் 24 உம்தான். திருமுழுக்கு யோவானின் பிறந்தநாளாகத் திருச்சபை 24 ஐ வைத்ததால், பழைய கதிரவன் விழா அந்த நாளோடு ஒட்டிக்கொண்டு, யோவான் என்பதன் லாத்விய வடிவமான யானிஸ் என்ற பெயரிலிருந்து யாணி என்று பெயர் பெற்றது. முந்தைய நாளுக்கு லீகோ என்று பெயர். இரண்டும் அரசு விடுமுறை.

அந்தி சாய்ந்தது முதல் விடியும் வரை தீ அணையக் கூடாது என்பது மரபு. ரீகாவில் அப்போது இரவு பத்தேகாலுக்கு மேல்தான் கதிரவன் மறையும், நாலரை மணிவாக்கில் மீண்டும் எழும் என்பதால், விழித்திருப்பது அத்தனை கடினமன்று. ஆனால் மாடி முகப்பில் நெருப்பு மூட்டும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். தீயைத் தாண்டிக் குதிக்க விரும்பும் இளைஞர்கள் பொது விழா நடக்கும் இடத்துக்குப் போய்வரட்டும். என்னைக் கேட்டால், இந்த விழாவின் உயிர் தீயைவிடப் பாடல்களிலும் பாலாடைக்கட்டியிலும்தான் இருக்கிறது.

விருந்தினர் காட்டுப்பூவும் புல்லும் ஏந்தி வாசலில் நின்று, அடிதோறும் 'லீகோ, லீகோ' என்று முடியும் நான்கடிப் பாட்டுகளால் வீட்டாரை வாழ்த்துவார்கள். கிண்டலும் செய்வார்கள், வீட்டார் பாட்டாலேயே திருப்பிக் கொடுப்பார்கள். பிறகுதான் பாலாடைக்கட்டியும் பீரும் வரும். இத்தகைய நாட்டுப்பாடல்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றை க்ரிஷ்யானிஸ் பாரோன்ஸ் 1894 முதல் 1915 வரை பதிப்பித்தார் என்பதால், பாட்டுக்குப் பஞ்சமில்லை. தோழர்கள் பாட, நீங்கள் 'லீகோ' மட்டும் சேர்ந்து சொன்னால் போதும்.

பாலாடைக்கட்டியை நீங்களே செய்யலாம். பாலைக் கொதிநிலைக்குச் சற்று முன்பு வரை சூடாக்கி, கடைகளில் பியெஸ்பியென்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் புளித்த பால்திரட்டை அதில் உதிர்த்துக் கிளறினால், இளமஞ்சள் நீர் தெளிவாகப் பிரியும். வடித்தெடுத்ததை வெண்ணெய், முட்டை, உப்பு, சீரகம் போன்ற கேரவே விதை ஆகியவற்றோடு சேர்த்து, சிறுதீயில் பிசுபிசுவென இழுபடும் வரை கிண்டி, ஈரத்துணியில் உருண்டையாக முடிந்து, மேலே பாரம் வைத்துவிடுங்கள். துணியின் மடிப்புகள் அதன் மேல் பதிந்திருப்பதே அழகு.

அறைகளில் பிர்ச் கிளைகளைச் செருகுங்கள். பெண்களுக்குப் பூமுடி, ஆண்களுக்கு ஓக் இலைமுடி. விழாவை ஒட்டி ரீகாவின் பேராலயச் சதுக்கத்தில் கூடும் மூலிகைச் சந்தையில் இவை கிடைக்கும். வருபவர்களில் யானிஸ் என்ற பெயருடையவர் இருந்தால் அன்று அவருக்குத்தான் முதல் மரியாதை.

கேள்வி: இதில் கலந்துகொள்வது வேறொரு மதச் சடங்கில் கலந்துகொள்வதாகாதா?
— வாசகர், மதுரை

பதில்: பெரும்பாலான லாத்வியர்களுக்கு இது குடும்ப விழா. பழைய நம்பிக்கையை மதமாகவே மீட்டெடுக்க 1920களில் எர்னெஸ்ட்ஸ் ப்ராஸ்டின்ஷ் முன்னின்று தொடங்கிய தியெவ்தூரி இயக்கம் இன்றும் உண்டு. அவரைச் சோவியத் அரசு 1942 இல் சுட்டுக் கொன்றது. யாணி விழாவையும் அதே ஆட்சி பிற்பாடு சில ஆண்டுகள் தடுத்து வைத்தது; ஆனாலும் வீடுகளுக்குள் அது தொடர்ந்தது. அழைப்பவர் தியெவ்தூரி வழிபாட்டுக்கே அழைத்தால் அது வேறு. விருந்துக்கு அழைத்தால் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: சைவ உணவுக்காரர்கள் அந்தப் பாலாடைக்கட்டியை உண்ணலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: மேற்சொன்ன முறையில் பால் திரிவது புளிப்பால், விலங்கின் இரைப்பை நொதி தேவையில்லை. முட்டைதான் தடை, வீட்டில் செய்யும்போது அதை விட்டுவிடலாம். கட்டி சற்று உதிரும், அவ்வளவே. பீருக்குப் பதிலாகக் கம்புமாவு ரொட்டியில் செய்யும் க்வாஸ் என்னும் நொதித்த பானத்தை வைப்பதும் உண்டு என்று யாரேனும் சொன்னால், அது கம்பு அன்று, ரை என்னும் தானியம் என்பதையும், அதிலும் சிறிதளவு மது இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.