முகர்ந்து பார்த்த கை

அன்புள்ள ஐயா,

வடலூர் தைப்பூசத்துக்குப் போய்வந்த பிறகு புலால் உண்பதை விட்டேன். பதினோரு ஆண்டுகள். வீட்டில் எனக்குத் தனிச் சட்டி, தனித் தட்டு. கறி சமைக்கும் ஞாயிறுகளில் மாடியறையில் போய்ச் சாப்பிடுவேன். இந்த ஆண்டு ரத்தசோகை வந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார். அம்மா ஆட்டு ஈரல் வறுத்துக் கொடுத்தார். உண்டேன், இப்போதும் உண்கிறேன். வள்ளலார் படத்தின் முன் நிற்கக் கூசுகிறது. அத்தனை ஆண்டுகளும் பொய்தானா?

கே.

அன்புள்ள கே.,

பொய் இல்லை. அத்தனை காலம் உங்கள் இலைக்காக ஓர் ஆடும் கோழியும் அறுபடவில்லை. இன்று உண்ட ஈரல் அதை அழித்துவிடாது. ஆனால் நோயின் மேல் பழியைப் போடாதீர்கள். மாத்திரை கையில் இருந்தது. ஈரலை ஆசைப்பட்டு உண்டீர்கள். ஆசை என்றே சொல்லுங்கள். (மாத்திரையை நிறுத்த வேண்டாம். சாப்பிட்ட கையோடு தேநீரும் வேண்டாம், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது குறைக்கும்.)

வள்ளலாரிடம் உங்களுக்குச் சலுகை கிடைக்காது. ஊன் உண்போரை அவர் ‘புறஇனத்தார்’ என்றார். அவர்களின் பசியை மட்டும் தீர்க்கலாம், நட்பு வேண்டாம் என்று பாடினார். 1867இல் தருமச்சாலை அடுப்பை மூட்டிய அந்தக் கருணையை வணங்குகிறேன். இந்த ஒரு வரியில் மட்டும் என்னால் அவரோடு நிற்க முடிவதில்லை. தன் கை மென்மையாக இருப்பது ஏன் என்று சேர மன்னனுக்குச் சங்கப் புலவர் கபிலர் சொன்ன காரணம், ஊன்சோறு உண்பதைத் தவிர வேறு வேலை அறியாத கை என்பது. அதே கபிலரைத்தான் புறநானூறு ‘புலனழுக்கற்ற அந்தணாளன்’, அதாவது புலன்களில் மாசு இல்லாதவர், என்கிறது.

நானும் ஒன்பது ஆண்டுகள் புலால் உண்ணாமல் இருந்தேன். என் அம்மா மீன் கழுவிய கையைப் புளி போட்டுத் தேய்ப்பார், முகர்ந்து பார்ப்பார், மறுபடியும் தேய்ப்பார். அதன்பிறகே என் தட்டைத் தொடுவார். எத்தனையோ முறை அதைப் பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் தடுத்ததில்லை. ஆட்டின் மேல் இரக்கம் கொண்ட நான், அம்மாவின் கையை அழுக்கென்று அவரையே நம்ப வைத்திருந்தேன். இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான், நான் திரும்ப உண்ட மீன் அல்ல.

உங்கள் கடிதத்திலும் அந்தத் தனித் தட்டைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். படத்தின் முன் நிற்பது இருக்கட்டும், முதலில் அம்மாவிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். நாளை மீண்டும் புலாலை விடத் தோன்றினால் தாராளமாக விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாடிக்குப் போகாதீர்கள்.