கங்குச் சட்டி படுக்கையறைக்கு வேண்டாம்

கேள்வி: கோத்தகிரி அருகே வசிக்கிறோம். 61 வயதாகும் என் அம்மா சமையலும் வெந்நீரும் விறகடுப்பில்தான் வைக்கிறார். பனிக்காலத்தில் ராத்திரி அடுப்பில் கனலும் கங்குகளை இரும்புச் சட்டியில் அள்ளி, படுக்கும் அறையில் வைத்துக்கொள்வார். சில நாட்களில் எழுந்ததும் தலைவலி என்கிறார். ஒரு மாதமாக இருமலும் இருக்கிறது. விறகடுப்பையே விட்டுவிட வேண்டுமா?

பதில்: அடுப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். இன்று இரவிலிருந்தே அந்தச் சட்டி அறைக்குள் வரக் கூடாது.

கங்கில்தான் புகை இல்லையே என்று நினைப்போம். ஆனால் கனன்றுகொண்டிருக்கும் கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூங்குகிறவர் விழிக்காமலேயே மயக்கத்துக்குப் போய்விடலாம். கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள். சன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. குளிருக்கு இன்னொரு கம்பளி, வெந்நீர்ப் பை போதும்.

காலைத் தலைவலிக்கும் இதுதான் காரணமோ என்று சந்தேகிக்கிறேன். வெளியே நடமாட ஆரம்பித்ததும் வலி குறைகிறதா? அதே அறையில் படுப்பவர்களுக்கும் வலிக்கிறதா? ஆமாம் என்றால் சந்தேகம் வலுக்கும். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள், இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தமாகவே கணக்கிடும். வாந்தி, குழப்பம், எழுப்பினால் சரியாக எழாமை இருந்தால் கதவைத் திறந்து, ஆளை வெளியே கொண்டுவந்து, உடனே 108-ஐ அழையுங்கள்.

சரி, அடுப்பு. முடிந்தால் சமையலை காஸுக்கு மாற்றுங்கள், வெந்நீர் அடுப்பை வீட்டுக்கு வெளியே வையுங்கள். முடியாதபோது கூரைக்கு மேலே போகும் புகைபோக்கியும், அதில் படியும் கரியை அவ்வப்போது சுரண்டுவதும் கட்டாயம். விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. அடுப்பு எரியும்போது கைக்குழந்தை அங்கே வேண்டாம்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினாலே சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அப்புறம் நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி. பீடியைத் தொட்டே பார்க்காத பெண்களுக்கும் அடுப்புப் புகையால் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வருகிறது. டாக்டரிடம் போகும்போது எத்தனை வருஷமாக விறகடுப்பு என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். சிகரெட் உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிற டாக்டர்கள் எங்களில் உண்டு.