அட்டைக்குக் கொடுத்த ஓவியம் டி-ஷர்ட்டில் வந்தால்?

கேள்வி: நான் வரைந்து வைத்திருந்த ஓவியம் ஒன்றை நாவல் அட்டைக்கு வேண்டும் என்று ஒரு பதிப்பகம் வாட்ஸ்அப்பில் கேட்டது. தொகை பேசி ஃபைலை அனுப்பினேன், பணமும் வந்துவிட்டது. ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. இப்போது அதே படத்தை டி-ஷர்ட்டிலும் காலண்டரிலும் போட்டு விற்கிறார்கள். ஓரத்தில் இருந்த என் கையெழுத்தையும் அழித்துவிட்டார்கள். கேட்டால், "காசு கொடுத்தாச்சு, படம் எங்களுடையது" என்கிறார்கள். நான் காப்புரிமையை (காப்பிரைட்) பதிவு செய்யவில்லை. வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில் பதிவு பற்றிய கவலையை விடுங்கள். வரைந்த கணத்திலேயே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பதிவு கட்டாயம் இல்லை.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது "வரைந்து வைத்திருந்த" என்ற இரண்டு சொற்கள்தான். காப்புரிமைச் சட்டம் 1957-இன் 17-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஒருவர் கேட்டு, அதற்காகவே காசு வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியம் என்றால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை காப்புரிமை கேட்டவருக்கே போகும். பல ஓவியர்கள் வழுக்கி விழுவது இங்கேதான். உங்கள் படம் அவர்கள் கேட்பதற்கு முன்பே இருந்தது. அதனால் இந்த விதிவிலக்கு உங்களைத் தொடாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். மூல ஃபைலின் தேதி, பழைய பதிவுகள், அவர்கள் முதன்முதலில் "இந்தப் படம் கிடைக்குமா" என்று கேட்ட செய்தி, எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். போனை மாற்றவோ அந்த உரையாடலை அழிக்கவோ வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது அதற்கான சான்றிதழும் கேட்பார்கள்.

அடுத்து, காசு கொடுத்ததாலேயே காப்புரிமை கைமாறிவிடாது. 19-ஆம் பிரிவின்படி அது எழுத்தில், உங்கள் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அந்த உரையாடலை வைத்து அவர்கள் அதிகபட்சம் சொல்லிக்கொள்ளக்கூடியது, அட்டைக்கான அனுமதி. டி-ஷர்ட் அதில் வராது.

கையெழுத்தை அழித்தது தனி விவகாரம். 57-ஆம் பிரிவு, படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது. காப்புரிமையையே விற்றிருந்தாலும் அது போகாது. டெல்லியில் உள்ள அரசு மாநாட்டு அரங்கான விஞ்ஞான் பவனில் இருந்த, சிற்பி அமர்நாத் சேகலின் சுவர்ச்சிற்பம் அரசே கேட்டுச் செய்வித்தது. அப்படியிருந்தும், அதைக் கழற்றிச் சிதைத்ததற்காக, எஞ்சியதைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் டெல்லி உயர் நீதிமன்றம் 2005-இல் உத்தரவிட்டது.

சரி, இனி செய்ய வேண்டியது. டி-ஷர்ட், காலண்டர் ஒவ்வொன்றை பில்லோடு வாங்கி வையுங்கள். பிறகு வக்கீல் நோட்டீஸ்: விற்பனையை நிறுத்தவும், எத்தனை விற்றது என்ற கணக்கைத் தரவும், பெயரோடு விற்பதானால் ஒரு பிரதிக்கு இவ்வளவு என்று உங்களுக்குக் கொடுக்கவும் கேளுங்கள். என் அனுபவத்தில், கணக்கைக் கேட்டதுமே பலர் பேச வந்துவிடுகிறார்கள். வராவிட்டால் தடையுத்தரவும் இழப்பீடும் கேட்டு, 62-ஆம் பிரிவின்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். காலக்கெடு 3 ஆண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

63-ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. ஆனால் உங்களுக்கு வேண்டியது பணமும் பெயரும் என்றால், போலீஸ் புகாரோடு தொடங்க வேண்டாம் என்பேன். ஃபேஸ்புக்கில் "திருடன்" என்று எழுதவும் வேண்டாம். அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

சமரசம் ஆகி ஒப்பந்தம் போட்டால் எந்தப் பொருள், எத்தனை ஆண்டு, எந்த நாடு என்று எழுதிவிடுங்கள். உரிமையை மாற்றிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுவதும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும்.